லாகோஸ் தீர்ப்பும் ஏற்காட்டு அத்தையும்

நேற்று அஸ்தம்பட்டி நீதிமன்றத்திலிருந்து திரும்பியதும், நைஜீரிய உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரலில் வழங்கிய உகேஜே வழக்குத் தீர்ப்பை மறுபடி படித்தேன். இக்போ சமூகத்தைச் சேர்ந்த ஒருவர் 1981இல் உயில் எழுதாமல் இறக்கிறார். லாகோஸில் சொத்து. மகளுக்குப் பங்கில்லை என்பது அவர்கள் வழக்கம். மகள் வழக்குத் தொடுத்தார். எதிர்த்து நின்றவர்கள் இறந்தவரின் மனைவியும் மகனும். மனைவியும்தான்! அதுதான் என்னை உலுக்கியது. கீழ் நீதிமன்றங்களில் தோற்று உச்ச நீதிமன்றம் வரை போனார்கள், அங்கும் தோற்றார்கள். பெண் என்பதற்காகவோ பிறப்பின் சூழலுக்காகவோ ஒருவரை ஒதுக்கக் கூடாது என்கிறது 1999 அரசியல் சாசனத்தின் 42ஆம் பிரிவு. அதற்கு முரணான வழக்கம் செல்லாது என்றது தீர்ப்பு. அப்போது தந்தை இறந்து 32 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

எங்கள் அத்தை வழக்கே தொடுக்கவில்லை. 1998இல் தாத்தாவின் காரியம் முடிந்த கையோடு ஏற்காட்டிலிருந்து ஜீப்பில் அழைத்துப்போய், சொத்தில் தன் பங்கை விட்டுக்கொடுப்பதாகச் சொல்லும் விடுதலைப் பத்திரத்தில் கைரேகை வாங்கினார்கள். வாங்கியவர்களில் என் அப்பாவும் ஒருவர். காபிப் பழம் பறித்துக் கறுத்திருந்த பெருவிரலில் மை பட்டதே தெரியவில்லை. பத்திர எழுத்தர் இரண்டு முறை அழுத்தினார். “பிறந்த வீட்டு வாசல் அடைபட்டுவிடக் கூடாது கண்ணு” என்றார் அத்தை. சட்டம் அப்போதும் அவருக்குப் பங்கு தந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மலையேறுகிறேன். அப்பாவிடமிருந்து எனக்கு வந்த ஒன்றரை ஏக்கரில் பாதியை அத்தைக்கு எழுதிவைக்க, தான செட்டில்மென்ட் வரைவு பையில் இருக்கிறது.