18 டொலருக்கு 160 ஏக்கர்: அமெரிக்காவின் பெர்மிட் காணிச் சட்டம்

மட்டக்களப்பின் படுவான்கரையில் காணி விலை பேசப் போனால் முதலில் கேட்பது ஒன்றுதான்: முழு உரிமையுள்ள உறுதிக் காணியா, அரசு நிபந்தனையோடு தந்த பெர்மிட் காணியா? அந்த வித்தியாசம் தெரிந்தவர்களுக்கு, குடியிருந்து பயிர் செய்பவருக்கு அரச நிலம் கொடுத்த அமெரிக்காவின் 1862ஆம் ஆண்டு ஹோம்ஸ்டெட் சட்டம் சட்டென்று பிடிபடும். அமெரிக்கச் சட்டங்கள் என்றதும் அடிமை ஒழிப்பும் வாக்குரிமையும்தான் பேசப்படுகின்றன. யார் எங்கே குடியிருந்தார்கள் என்பதைத் தீர்மானித்ததோ இந்தக் காணிச் சட்டம்.

ஆபிரகாம் லிங்கன் 1862 மே 20இல் ஒப்பமிட்டார். 1863 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்தது. குடும்பத் தலைவர் அல்லது 21 வயது நிரம்பியவர் விண்ணப்பிக்கலாம். அவர் குடியுரிமை உள்ளவராகவோ, அதைப் பெற எண்ணுவதாக அறிவித்தவராகவோ இருக்க வேண்டும். அரசுக்கு எதிராக ஆயுதம் ஏந்தியிருக்கக் கூடாது. உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. அரச காணி கொடுக்க விசாரணை வைக்கும் எங்கள் காணிக் கச்சேரிபோல் ஆட்களைத் தெரிவு செய்வதில்லை. முந்தியவருக்குக் காணி.

அதற்கு முன் நில அளவை முடிந்திருக்க வேண்டும். 1785ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்டை 6 மைலுக்கு 6 மைல் சதுரங்களாகப் பிரித்தார்கள். ஒவ்வொன்றிலும் 36 துண்டுகள், துண்டுக்கு 640 ஏக்கர். அதில் கால்வாசிதான் 160 ஏக்கர். எங்கள் பழைய உறுதிகளில் 'வடக்கு ஒழுங்கை, கிழக்கு இன்னாரின் வளவு' என்று இருக்கும். வளவுக்காரர் மாறினால் வழக்கு. அங்கே இலக்கத்தைச் சொன்னால் போதும், துண்டைக் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் கோடு கீறியவர்கள் ஆற்றையோ மேட்டையோ பார்க்கவில்லை. நீரோடை முழுவதும் ஒருவருடைய சதுரத்துக்குள் போய்விடும், பக்கத்துச் சதுரம் காய்ந்து கிடக்கும்.

காணி அலுவலகத்தில் பதிவுக்கு 10 டொலர், அலுவலரின் கொமிஷன் 2 டொலர். பிறகு 5 வருடம் அங்கேயே குடியிருந்து பயிர் செய்ய வேண்டும். 6 மாதத்துக்கு மேல் விட்டுப் போனால் காணி அரசுக்குத் திரும்பும். 5 வருடம் முடிந்து அடுத்த 2 வருடத்துக்குள் இரண்டு சாட்சிகளோடு நிரூபித்து, 6 டொலர் கட்டினால் உரிமைப் பத்திரமான பட்டயம் கைக்கு வரும். மொத்தம் 18 டொலர். செலவு அதோடு நிற்காது: எருது, கலப்பை, விதை, கிணறு, முதல் அறுவடை வரைக்கும் சாப்பாடு. மரமில்லாத சமவெளியில் புல்வேரோடு மண்ணை வெட்டி அடுக்கித்தான் பலர் வீடு கட்டினார்கள்.

பட்டயத்துக்கு முன் பட்ட கடனுக்காகக் காணியைப் பறிக்க முடியாது என்று ஒரு பிரிவும் இருந்தது. விதைநெல்லுக்குப் பெரும் வயற்காரரான போடியாரிடம் கடன்பட்டு, களத்திலேயே நெல்லை அளந்து கொடுத்த வரலாறு தெரிந்தவர்களுக்கு அதன் பெறுமதி புரியும்.

ஓட்டை இருந்தது வேறிடத்தில். 6 மாதம் குடியிருந்து, ஏக்கருக்கு 1.25 டொலர் வீதம் 200 டொலர் கட்டினால் 5 வருடம் காத்திருக்கத் தேவையில்லை. மாட்டுப்பண்ணைக்காரர்கள் தங்கள் வேலையாட்களின் பெயரில் நீரோடைக் கரைகளைப் பதிவு செய்து வாங்கினார்கள். தண்ணீர் ஒருவன் கையில் என்றால் சுற்றியுள்ள வறண்ட நிலமும் அவனுடையதுதான். எங்கள் உன்னிச்சைப் பாசனக் குளத்து மதகு ஒரு தனியாளின் கையில் இருந்தால் கீழுள்ள வயல் வட்டைகள் என்னாகும் என்று எண்ணிப் பாருங்கள்.

மழைக் கணக்கும் பிழைத்தது. மேற்கு நெடுங்கோடு 100ஐத் தாண்டினால் வருடத்துக்குச் சராசரி 500 மில்லிமீட்டர் மழைகூடக் கிடைப்பது அரிது. எங்களுக்கு மாரியில் மட்டுமே அதைவிடக் கூட. அங்கே 160 ஏக்கர் ஒரு குடும்பத்துக்குக் காணாது. 1909இல் 320 ஏக்கராகவும், 1916இல் மேய்ச்சல் நிலத்துக்கு 640 ஏக்கராகவும் கூட்டினார்கள்.

தனித்து வாழும் பெண்ணும் விதவையும் தம் பெயரிலேயே பதியலாம் என்பது அந்தக் காலத்துக்குப் பெரிய விஷயம். கணவனோடு வாழ்ந்தவளுக்கு அது கிடையாது. எங்கள் 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்திலோ, தனக்குப் பின் காணி பெறும் பின்னுரித்தாளரைப் பெயர் குறிக்காவிட்டால் மகளுக்கு முன் மகன் என்று வாரிசு அட்டவணை இருந்தது. வீடும் வளவும் பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகும் மட்டக்களப்பில் அந்த அட்டவணை எவ்வளவு பொருந்தாதது! 2022இல்தான் திருத்தினார்கள்.

சட்டம் 'பொதுக் காணி' என்று அழைத்தது வெறுங்காணி அல்ல. பூர்வீகக் குடிகளிடமிருந்து ஒப்பந்தத்தாலும் படையாலும் எடுத்த நிலம். மிச்சமிருந்ததையும் 1887ஆம் ஆண்டின் டோஸ் சட்டம் உடைத்தது. பொதுவில் இருந்த இனக்குழு நிலத்தைக் குடும்பத் தலைவருக்கு 160 ஏக்கர், தனியாளுக்கு 80 எனப் பிரித்து, 'மிகுதி'யை வெளியாருக்குத் திறந்துவிட்டது. பிரித்துக் கொடுத்ததை 25 வருடம் விற்க முடியாதபடி அரசே பொறுப்பில் வைத்திருக்கும் என்றார்கள்; 1906இல் அந்தக் காலத்தையும் குறுக்க வழி செய்தார்கள். 1887இல் 13 கோடி 80 இலட்சம் ஏக்கராக இருந்த அவர்களின் நிலம் 1934இல் ஏறத்தாழ 4 கோடி 80 இலட்சம். ஹோம்ஸ்டெட் சட்டத்தின் கீழோ சுமார் 16 இலட்சம் பட்டயங்களில் 27 கோடி ஏக்கர் கைமாறியது. 1976இல் அதை நீக்கினார்கள்; அலாஸ்காவில் மட்டும் 1986 வரை பதிவு நடந்தது.