அடித்தட்டு இல்லாதவை எல்லாம் ஓரினமா?

பரங்கிப்பேட்டையில், வெள்ளாற்று முகத்துவாரத்தை ஒட்டியுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தில் நான் படித்த காலத்தில், பூவிதழ்போல உணர்கொம்புகளை விரிக்கும் கடல் விலங்கான கடல் சாமந்தியை (sea anemone) இனங்காண்பதற்குக் கத்தியும் நுண்ணோக்கியுமே துணை. உயிரியை மெழுகில் பதித்து, மெல்லிய சீவல்களாக வெட்டிச் சாயமேற்றி, உட்தடுப்புகளின் அடுக்கையும் தசைகளின் அமைப்பையும் கொட்டும் செல்களின் அளவையும் குறித்துக்கொண்டு, சுவீடன் நாட்டு விலங்கியலாளர் ஆஸ்கர் கார்ல்கிரென் 1949இல் வெளியிட்ட வகைப்பாட்டோடு ஒப்பிடுவோம். அறுபது ஆண்டுகளுக்கு மேல் அசையாது நின்ற வகைப்பாடு அது.

அதை அசைத்தது மரபணு ஆய்வு. மைட்டோகாண்ட்ரியா மரபணுக்களையும் உட்கரு மரபணுக்களையும் சேர்த்து எஸ்தெபானியா ரோட்ரிகெஸ் குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வு, கடல் சாமந்திகளை அனெந்தெமோனே, எந்தெமோனே என்னும் இரு துணைவரிசைகளாகப் பிரித்தது. பழைய பிரிவுகள் பல இதில் சிதறின. எடுத்துக்காட்டாக, பாறையைப் பற்றும் அடித்தட்டுத் தசை இல்லாமல் சேற்றில் புதைந்து வாழ்பவற்றைக் கார்ல்கிரென் ஒரே பிரிவில் வைத்திருந்தார். அவையோ வெவ்வேறு கிளைகளில் தனித்தனியே அத்தசையை இழந்தவை. காலில்லை என்பதற்காகப் பாம்பையும் மண்புழுவையும் உறவாக்கியதைப் போன்றதுதான் இது. ஓர் உறுப்பு இருப்பதைச் சான்றாகக் கொள்ளலாம். இல்லாததைச் சான்றாகக் கொள்வதில் எப்போதும் ஆபத்து உண்டு என்பது என் கருத்து. ஆனால் இருப்பதும் சிலவேளை ஏமாற்றலாம்: கோமாளி மீன்களுக்குத் தம் உணர்கொம்புகளிடையே இடங்கொடுக்கும் பண்பும்கூடக் குறைந்தது மூன்று முறை தனித்தனியே தோன்றியதாக 2019இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டுகிறது.

இன்னும் வியப்பானது, ஆழ்கடல் வெந்நீர் ஊற்றுகளுக்கு அருகே வாழும், இரண்டு மீட்டருக்கும் நீண்ட உணர்கொம்புகளை உடைய உயிரியின் கதை. கடல் சாமந்தி என்று 2006இல் பெயரிடப்பட்ட அதனை, 2014ஆம் ஆண்டின் ஆய்வு கடல் சாமந்திகளின் வரிசைக்கே (order) வெளியே நிறுத்தி, ரெலிகாந்தஸ் என்னும் புதிய பேரினத்தில் சேர்த்தது.

ஆயினும், மரபணு வந்துவிட்டதால் கத்திக்கு வேலையில்லை என்று மாணவர்கள் சிலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. பிற விலங்குகளை இனம்பிரிக்கப் பயன்படும் மைட்டோகாண்ட்ரியா மரபணு, கடல் சாமந்திகளில் மிக மெதுவாகவே மாறுவதால், நெருங்கிய இனங்களைப் பிரிக்க அது மட்டும் போதாது. மறுபுறம், ஃபார்மலினில் நெடுங்காலம் ஊறிய பழைய மாதிரிகளின் டிஎன்ஏ சிதைந்துவிடுவதால், அவற்றிலிருந்து அதைப் பிரித்தெடுப்பது கடினம். ஆகவே, கடலூர்க் கரையில் இனிச் சேகரிக்கும் ஒவ்வொரு உயிரியிலிருந்தும் சில உணர்கொம்பு நுனிகளை வெட்டி 95 விழுக்காடு எத்தனாலில் தனியே வைத்து, எஞ்சிய உடலைச் சீவலுக்காக ஃபார்மலினில் இட்டு, இரு குப்பிகளுக்கும் ஒரே எண்ணை எழுதுவதே முறை.