அட்சதை விழ ஒரு பாய்

"மண்டபம் வேண்டாம், மரத்தடி போதும்" என்று நான் சொன்னதும் அம்பாசமுத்திரத்தில் அப்பா பேச்சை நிறுத்திவிட்டு அம்மாவிடம் தொலைபேசியைக் கொடுத்துவிட்டார். "எந்தக் கோயில் மரம்?" என்று கேட்டாள் அம்மா. கோயில் இல்லை, மெல்பர்னில் நாங்கள் குடியிருக்கும் பகுதியின் பூங்கா, யூகலிப்டஸ் மரம், நாற்பது பேர் என்றேன். நாற்பதை நானூறு என்று காதில் வாங்கிக்கொண்டு, "அவ்வளவு குறைவாகவா?" என்றாள்.

இங்கே வந்து ஆறு வருடம் ஆகிறது. எளிமையாகக் கல்யாணம் செய்ய வேண்டும் என்ற ஆசை இந்த ஊர் கற்றுக்கொடுத்தது அல்ல. சித்தி மகள் கல்யாணத்தில் அவள் காலை ஆறு மணியிலிருந்து மேடையில் நின்று முன்பின் தெரியாதவர்களைப் பார்த்துச் சிரித்து, மாலை நான்கு மணிக்கு ஆறிப்போன தயிர்ச்சோறு தின்றதைப் பார்த்தவள் நான். என் கல்யாணச் சாப்பாட்டை நான் சூடாகச் சாப்பிட வேண்டும். என் திட்டம் அவ்வளவுதான்.

வீட்டில் என் பக்கம் பேசியவர் ஆச்சி ஒருத்திதான். "என் கல்யாணம் தெருவில்தானே நடந்தது! தெருவை மறித்துக் கீற்றுப் பந்தல், முனையில் இரண்டு வாழை. வண்டிக்காரன் தானாக அடுத்த தெருவில் திரும்பிப் போனான். யாரிடம் கேட்டோம்?"

ஆச்சி, இங்கே எல்லாவற்றுக்கும் கேட்க வேண்டும். பூங்காவுக்கான விண்ணப்பத்தில் எத்தனை பேர், எத்தனை மணி நேரம், எத்தனை நாற்காலி என்பதோடு, மண்ணில் முளை அடிப்பீர்களா என்றும் ஒரு கேள்வி இருந்தது. அடியில் தண்ணீர்க் குழாய் போகிறதாம். முன்பணம் கட்ட வேண்டும். இடத்தைப் பழையபடி விட்டால் திரும்பக் கிடைக்கும். நிபந்தனைகளில் இரண்டு எங்கள் வீட்டைக் கலக்கின. நெருப்பு மூட்டக் கூடாது. அரிசி தூவக் கூடாது.

அக்னி இல்லாமல் கல்யாணமா என்று அப்பா கொதித்தார். விக்டோரியா மாநிலத்தில் காற்றும் வெயிலும் கூடும் நாட்களில் திறந்த வெளியில் தீ மூட்டவே மொத்தமாகத் தடை விதிப்பார்கள் என்று சொன்னேன். 2009 பிப்ரவரி 7 அன்று ஒரே நாளில் பரவிய காட்டுத்தீயில் 173 பேர் இறந்ததையும் சொன்னேன். அப்பா சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அவராகவே, 1967இல் நம் சட்டமன்றம் கொண்டுவந்த திருத்தத்தை எடுத்தார். உற்றார் முன்னிலையில் மாலை மாற்றினாலோ, மோதிரம் மாற்றினாலோ, தாலி கட்டினாலோ கல்யாணம் செல்லும் என்ற சட்டம். "அந்தக் காலத்தில் இதை எதிர்த்து டீக்கடையில் சண்டை போட்டவர் உன் தாத்தா" என்றார். குத்துவிளக்கு போதும் என்று முடிவானது.

ஆஸ்திரேலியச் சட்டம் இடத்தைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. எந்த நாளிலும் எந்த நேரத்திலும் எந்த இடத்திலும் மணம் முடிக்கலாம். ஆனால் பதிவுபெற்ற ஒருவர் நடத்திவைக்க வேண்டும். இங்குள்ளவர்கள் செலிபிரண்ட் என்பார்கள். அவரிடம் குறைந்தது ஒரு மாதத்துக்கு முன், அதிகம் போனால் பதினெட்டு மாதத்துக்கு முன், நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். பதினெட்டு வயது நிறைந்த இரண்டு சாட்சிகள் வேண்டும். சட்டப்படி நாங்கள் கணவன் மனைவி ஆனது, கூடியிருப்போரைச் சாட்சி வைத்து ஒருவரை ஒருவர் ஏற்கிறோம் என்று வாய்திறந்து சொன்ன வாக்கியத்தால்தான். தாலி எங்கள் கணக்கில்.

முகூர்த்தம் எந்த ஊர்க் கடிகாரத்துக்கு என்பதில் ஒரு வாரம் போனது. மாசி ஞாயிறு, காலை ஒன்பதிலிருந்து பத்தரை என்று அம்பையில், அதாவது அம்பாசமுத்திரத்தில், குறித்துக் கொடுத்தார்கள். மார்ச்சில் மெல்பர்ன் ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. எனவே இங்கே பிற்பகல் இரண்டரை. வெயிலுக்கும் சாப்பாட்டுக்கும் அதுவே தோதாக இருந்ததால் ஜோசியரை நான் எதிர்த்துப் பேசவில்லை.

அரிசிக்கு வழி சொன்னது அம்மா. அம்பையிலிருந்து நெல்லைக்குப் போகும் வழியில், சேரன்மகாதேவியைத் தாண்டினால் பத்தமடை. கோரையை ஆற்றுநீரில் ஊறவைத்து, நூல் போலக் கிழித்து நெய்த பட்டுப்பாய். துணி மாதிரி மடிக்கலாம். மணமக்கள் பெயரைப் பாயிலேயே நெய்து வாங்குவது எங்கள் பக்கத்து வழக்கம். "பாயை விரித்து அதன்மேல் உட்காருங்கள். தூவ வேண்டாம், ஒவ்வொருவராக வந்து தலையில் போடட்டும். விழுவதெல்லாம் பாயில்தான் விழும், சுருட்டினால் முடிந்தது" என்றாள். கல்லூரிப் படிப்பு படித்த நான் இரண்டு வாரம் யோசித்தும் எனக்கு இது தோன்றவில்லை.

மாவிலை, வெற்றிலை, தேங்காய், பச்சை மஞ்சள் எதையும் எடுத்து வரக் கூடாது என்று தினமும் சொல்லியும், விமான நிலையத்தில் அம்மா முகத்தைப் பார்த்ததும் எனக்கு வயிறு கலங்கியது. நல்லவேளையாக, என்னென்ன கொண்டுவருகிறோம் என்று பயணிகள் நிரப்பித் தரும் அட்டையில் அவள் எல்லாவற்றுக்கும் 'ஆம்' என்று குறித்திருந்தாள். அதிகாரி பாயை விரித்து, விதையோ பூச்சியோ இருக்கிறதா என்று இழை இழையாகத் தடவிப் பார்த்திருக்கிறார். பிறகு எழுத்தைக் காட்டி என்னவென்று கேட்டாராம். "டாட்டர்" என்று ஒரே சொல்லில் பதில் சொன்னதை அம்மா இன்றும் பெருமையாகச் சொல்கிறாள்.

எனக்கு வாய்த்தவர் வீட்டார் யாழ்ப்பாணத்துக்காரர்கள். கல்யாணத்தில் வந்த ஒரே உண்மையான சண்டை சொதியால் வந்தது. எங்கள் ஊரில் அது மறுநாள் மாப்பிள்ளைக்குப் போடும் விருந்து. தேங்காயை மூன்று பால் எடுத்து, பாசிப்பருப்பும் காய்களும் சேர்த்து, கடைசியில் எலுமிச்சை பிழிந்து, இஞ்சிப் பச்சடியோடு பரிமாறுவோம். "பிள்ளை, சொதி இடியப்பத்துக்கு ஊற்றுவது அல்லவா, அதில் பருப்பை ஏன் போடுகிறீர்கள்?" என்றார் மாமி. இரண்டு பானை வைத்தோம். என் பக்கத்தார் அவர்கள் பானையையும், அவர்கள் எங்கள் பானையையும் காலி செய்தார்கள். இரண்டுமே டின் தேங்காய்ப்பால்தான் என்பதை ஆச்சியிடம் சொல்லவில்லை.

அன்று ஒரு மணிக்கு வெயில், இரண்டு மணிக்குத் தூறல். சின்ன வயதில் தேங்காய்த் துருவல் தின்றதால் வந்த மழை என்று அம்மா குற்றப்பத்திரிகை வாசித்து முடிப்பதற்குள் வானம் வெளுத்துவிட்டது. காற்று விளக்கை மூன்று முறை அணைத்தது. மாமி ஒரு மீன்தொட்டிக் கண்ணாடியைக் கொண்டுவந்து சுற்றி வைத்தார். அம்பை வீட்டில் தொலைக்காட்சியின் முன்னால் உட்கார்ந்து ஆச்சி அங்கேயே அரிசியைப் போட்டதில், அது அப்பாவின் தலையில் விழுந்ததாம். இலையின் நான்கு ஓரத்திலும் தண்ணீர்த் தம்ளர் வைத்து, பறக்காமல் பார்த்துக்கொண்டு, நான் சூடாகச் சாப்பிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து முன்பணம் முழுதாகத் திரும்பி வந்தது. புல்லில் ஒரு மணி அரிசிகூட இல்லை. பிள்ளையார் சுழி போட்டு ஊரிலிருந்து எடுத்துவந்த மொய் நோட்டில், கடைசி வரியாக 'பூங்கா' என்று எழுதி அந்தத் தொகையையும் வரவு வைத்துவிட்டாள் அம்மா.