ஓரியூர்ச் செம்மண்

ஏழாண்டுகள் பிள்ளையில்லாமல் இருந்த எங்களுக்காக அம்மா நேர்ந்துகொண்டதைச் செலுத்த, மகளுக்கு மூன்று வயது நிறைந்த பிறகே எங்களால் ஓரியூரிலுள்ள புனித அருளானந்தர் திருத்தலத்துக்குப் புறப்பட முடிந்தது. பிள்ளை வரத்துக்குத் தென்னம்பிள்ளை என்பதுதான் நேர்ச்சை. திருவாடானையில் பேருந்துக்காக ஒன்றரை மணி நேரம் காத்திருந்தபோது, அம்மா அந்தக் கன்றை மடியில் வைத்து, வாடிய குருத்தின் மேல் குடிதண்ணீரைத் தெளித்தபடியே செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்.

பிப்ரவரி 4, போர்த்துகலிலிருந்து வந்த குருவான அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) அங்கே தலை வெட்டுண்ட நாள் என்பதால் கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும்! மொட்டையடிக்கும் இடத்தில் ஒரு தொகை பேசிவிட்டு, குழந்தையின் பாதித் தலை மழித்தபின் இரட்டிப்பாகக் கேட்டார்கள். மெழுகுவர்த்தி விற்றவரோ, பெரியதாக வாங்கினால்தான் புனிதர் கேட்பார் என்றார். இலவசமாய்ப் பெற்ற அருளுக்கு விலை சொல்வதைக் கேட்டு வந்த கோபம், பூசை தொடங்கும்வரை எனக்கு அடங்கவில்லை.

அருளானந்தரின் ரத்தத்தால் சிவந்ததென்று நம்பும் செம்மண்ணை எடுக்கும் இடத்தில்தான் நெஞ்சு நின்றது. எங்களுக்கு முன்னால் ஒருவர் நெகிழிப்பை நிறைய மண்ணை அள்ளிக்கொண்டிருந்தார். அம்மா செருப்பைத் தொலைவிலேயே கழற்றிவிட்டு வந்து, முழந்தாளிட்டு, இரண்டு விரலால் ஒரு சிட்டிகை மட்டும் எடுத்து, பேத்தியின் சந்தனம் காயாத தலையில் சிலுவை வரைந்தார். விரலில் ஒட்டியிருந்ததையும் கீழே உதறாமல் முந்தானையில் துடைத்து முடிந்துகொண்டார். "இன்னும் கொஞ்சம் எடுத்துக்கோங்கம்மா" என்றேன்.

"ரத்தம்டா இது. அள்ளிக்கிட்டா போவாங்க?"

அருளானந்தர், 1686-இல் மறவர் நாட்டில் சித்திரவதைப்பட்டு, இனி இங்கே வரக்கூடாது என்று விரட்டப்பட்டவர். லிஸ்பனில் அரசர் தம் மகனுக்கு ஆசிரியராக இருக்கக் கேட்டும் மறுத்து, காவியுடையும் மரக்கறி உணவுமாக இம்மக்களிடமே திரும்பியவர். 1693-இல் சாவுக்கு முந்தைய நாள் சிறையிலிருந்து சக குருக்களுக்கு மகிழ்ச்சியோடு கடிதம் எழுதியவர். அப்படிப்பட்டவர் ரத்தம் சிந்திய இடத்தில் நின்றுகொண்டு, மொட்டைக்குக் கொடுத்த பணத்தையே கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த என்னை நினைத்து வெட்கினேன். கேட்பதற்கென்று எழுதி வைத்திருந்த விண்ணப்பங்களில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. அருளானந்தரே, தந்தீரே, தந்தீரே என்பதைத் தவிர வேறு செபம் அன்று எனக்கு வாய்க்கவில்லை.

தென்னம்பிள்ளையை ஒப்படைத்தபோது, அதைத் தம்பி என்றே நினைத்திருந்த மகள் தேம்பித் தேம்பி அழுதாள். திரும்பும் வழியில் தேநீர்க் கடையில் அம்மா பணம் எடுக்கவில்லை; எப்போதும் சில்லறை முடிந்திருக்கும் முந்தானையை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு, என்னையே கொடுத்துவிடச் சொன்னார்.