நிமிடத்துக்கு ஒரு சொட்டு

எனக்கு வீடு கிருஷ்ணகிரியில், வேலை ஓசூரில். போக வர நாளொன்றுக்குச் சுமார் 100 கிலோமீட்டர் பைக் ஓடுகிறது. அதன் செயினுக்கு 500 கிலோமீட்டருக்கு ஒரு முறை ஆயில் ஸ்பிரே அடிப்பதென்றால் வாரம் தவறாமல் அடிக்க வேண்டும்; நடுவில் ஒரு மழை பெய்தால் அந்தக் கணக்கும் நிற்காது. சூளகிரிப் பக்கம் ஜல்லியும் எம்.சாண்டும் ஏற்றிய லாரிகளின் பின்னால் ஓட்டியவர்களுக்கு, பிசுபிசுப்பான ஸ்பிரேயில் அந்தத் தூள் எப்படி அப்பிக்கொள்ளும் என்பது தெரியும். பழைய செயின் செட்டைக் கழற்றிய அன்று, முன் ஸ்பிராக்கெட் (செயின் ஓடும் பற்சக்கரம்) மூடிக்குள் படிந்திருந்த கரிய பசையை இரண்டு விரல்களுக்கு நடுவே வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். உப்புத்தாளைத் தேய்த்தது போல நறநறத்தது. தானாக ஆயில் விடும் கருவி ஒன்றைப் பொருத்தியே ஆக வேண்டும் என்று அன்றுதான் முடிவு செய்தேன்.

இணைப்புகளில் ரப்பர் வளையம் வைத்த ஓ ரிங் செயினுக்கு ஆயிலே தேவையில்லை என்று சொல்பவர்கள் உண்டு. செயின் இணைப்பின் ஊசிக்கும் (பின்) அதைச் சுற்றிய குழலுக்கும் (புஷ்) நடுவே தொழிற்சாலையில் வைத்த கிரீஸை அந்த ரப்பர் வளையங்கள் காப்பது உண்மைதான். ஆனால் புஷ்ஷின் மேல் உருளும் ரோலர் அந்தக் காப்புக்கு வெளியே இருக்கிறது. அது ஸ்பிராக்கெட் பல்லில் உட்காரும் ஒவ்வொரு முறையும் உலோகம் உலோகத்தோடு மோதுகிறது. வளையம் காய்ந்து வெடித்துவிட்டால் உள்ளே இருக்கும் கிரீஸும் தங்காது. எனவே வெளியிலிருந்து கொஞ்சமாக, ஆனால் விடாமல் ஆயில் போய்க்கொண்டே இருக்க வேண்டும்.

முதலில் மருந்துக் கடையில் குளுக்கோஸ் ஏற்றும் டிரிப் செட் ஒன்றை வாங்கி, சிறிய பாட்டிலில் 90 நம்பர் கியர் ஆயிலை ஊற்றி, குழாயைப் பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் வழியாகப் பின் ஸ்பிராக்கெட் வரை கொண்டுபோனேன். சொட்டு விழுவதைக் கண்ணால் பார்க்கலாம், உருளையைத் தள்ளிக் கூட்டிக் குறைக்கலாம் என்பதெல்லாம் வசதிதான். ஆனால் வண்டியை நிறுத்தும்போது நாமே நினைவாக மூட வேண்டும். ஒரு சனிக்கிழமை இரவு மறந்துவிட்டேன். மறுநாள் காலையில் பாட்டில் காலி. பின் டயரின் ஓரம் வரை ஆயில் வழிந்திருந்தது. அதைக் கவனிக்காமல் எடுத்துப் போயிருந்தால் முதல் வளைவிலேயே சறுக்கியிருப்பேன். அன்றே அதைக் கழற்றிவிட்டேன்.

இப்போது இருப்பது ஸ்காட்லாந்தின் ஸ்காட்டாயிலர் நிறுவனத்துக் கருவி. நண்பர் ஒருவர் தம் வண்டியை விற்றபோது எனக்குக் கொடுத்தது. எஞ்சின் ஓடும்போது, அதற்குள் காற்று போகும் வழியான இன்டேக் மேனிஃபோல்டில் உண்டாகும் வாக்குவம் (உறிஞ்சும் விசை), ஆயில் டப்பாவுக்குள் இருக்கும் வால்வைத் தூக்குகிறது. ஆயில் தன் எடையிலேயே கீழே இறங்குகிறது. எஞ்சின் நின்றால் வால்வு விழுந்து வழி அடைபடுகிறது. என் மறதிக்கு இதைவிடச் சரியான மருந்து இல்லை.

என் வண்டி கார்புரேட்டர் வண்டி. அந்த வாக்குவத்தைக் கருவிக்கும் கொடுக்க, ஏற்கெனவே இருந்த வாக்குவம் குழாயை வெட்டி, நடுவில் மூன்று வழி டி இணைப்பு ஒன்றைச் செருகினேன். ஸ்டார்ட் செய்ததும் ஐடிலிங் ஏறி இறங்கித் தடுமாறியது. ராயக்கோட்டை ரோட்டு மெக்கானிக் தம்பி ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, “அண்ணா, காத்து இழுக்குது. கிளிப் போடாம விட்டிருக்கீங்க” என்றார். இரண்டு கிளிப்புகள் போட்டதும் சரியாகிவிட்டது.

பொறுமை வேண்டிய இடம் ஆயில் குழாயின் நுனிதான். கீழ்ச் செயின் பின்னோக்கி வந்து ஸ்பிராக்கெட்டில் ஏறுகிற இடத்துக்கு அருகே, நுனியைச் சாய்வாக வெட்டி, பற்களுக்குச் சற்று உள்ளே பக்கவாட்டு முகத்தை மெல்லத் தொடும்படி வைக்க வேண்டும். சக்கரம் சுழலும் வேகமே ஆயிலை வெளிப்புறமாகத் தள்ளிப் பல்லுக்கும் ரோலருக்கும் சேர்த்துவிடும். நுனி தளர்வாக இருந்தால் பல்லில் சிக்கி அறுந்துவிடும் என்பதால், குழாயோடு ஒரு செம்புக் கம்பியைச் சேர்த்துக் கட்டி வளைத்து வைத்தேன்.

அளவு பார்க்க, வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் எஞ்சினை ஓடவிட்டு, நுனியை விலக்கி அட்டை ஒன்றின் மேல் சொட்டவிட்டு எண்ண வேண்டும். கியர் போட்டுச் சக்கரத்தைச் சுழலவிட்டுக்கொண்டு செயின் அருகே கையைக் கொண்டுபோகவே கூடாது. என் சித்தப்பா மகன் அப்படித்தான் விரல் நுனியை இழந்தான். நிமிடத்துக்கு ஒரு சொட்டு போதும். ஆனால் ஆயில் வெயிலில் இளகும், குளிரில் இறுகும். கிருஷ்ணகிரியைவிட ஓசூர் நல்ல உயரத்தில் இருக்கிறது. மார்கழிக் காலையில் அங்கே போய்ச் சேர்ந்ததும் எண்ணினால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு சொட்டுதான் விழுந்தது. அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகு அதே நிலையில் இருக்க, சித்திரை மதியம் வீட்டு வாசலில் நிமிடத்துக்கு மூன்று சொட்டு விழுந்தது. வெப்பமான ஊர்களுக்கென்று அந்த நிறுவனமே சற்றுக் கெட்டியான சிவப்பு ஆயிலை விற்கிறது. அதற்கு மாறிய பிறகு வேறுபாடு குறைந்திருக்கிறது.

பொருத்தியதிலிருந்து இதுவரை செயினை ஒரே ஒரு முறைதான் டைட் செய்தேன். ரிம்மில் தெறிக்கும் ஆயிலை ஞாயிற்றுக்கிழமைகளில் மண்ணெண்ணெய் நனைத்த துணியால், டயரில் படாமல் துடைக்கிறேன். துணியில் வருவது வெறும் கறுப்புதான், மணல் இல்லை. ஐப்பசி மழை தொடங்கிவிட்டதால் நேற்றுத் திருகை ஒரு புள்ளி கூட்டி வைத்திருக்கிறேன்.