வலி வரட்டும் என்று காத்திருந்தேன்

கீழ்த்தாடையில் படுத்துக் கிடந்த ஞானப் பல்லை எடுக்கக் கிருஷ்ணகிரி போயிருந்தேன். "பல் எடுத்தபின் வலிக்குக் கொடுக்கும் மாத்திரை ஒன்றைச் சோதிக்கிறோம், சேர்கிறீர்களா?" என்றார் பல் டாக்டர். இந்த மாதிரிச் சோதனைக்கு ஞானப் பல்லைத்தான் பெரும்பாலும் தேர்ந்தெடுப்பார்களாம். வருபவர்கள் பெரும்பாலும் இளவயதினர், வேறு நோய் இல்லாதவர்கள். வலியும் சொன்ன நேரத்துக்கு வந்துவிடும்.

ஒப்புதல் படிவம் தமிழில் இருந்தது. எப்போது வேண்டுமானாலும் விலகலாம், தாங்க முடியாவிட்டால் மாற்று மருந்து உண்டு என்றெல்லாம் போட்டிருந்தது. 'உங்களுக்குக் கிடைப்பது மருந்தே இல்லாத வெற்று மாத்திரையாகவும் இருக்கலாம்' என்ற வரியை மட்டும் இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

பல் எடுத்ததைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஊசி போட்டார்கள், மரத்துப்போனது, எடுத்தார்கள். கூத்து அதற்குப் பிறகுதான். மரப்பு விலகி, வலி பத்துக்கு ஐந்தைத் தொட்டால்தான் மாத்திரை கொடுப்பார்கள். வலி இன்னும் வரவில்லையே என்று நான் கவலைப்பட்டது அன்று ஒரு நாள்தான். துணைக்கு வந்த அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "விருந்தாளியை எதிர்பார்ப்பதுபோல் வலியை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறாயேடா!" என்றாள். முதலில் உதட்டோரம் எறும்பு ஊர்ந்தது. பிறகு காதடி வரை விண்விண்ணென்று தெறித்தது. "ஆறு" என்றேன்.

மாத்திரையை விழுங்கியதும் நர்ஸ் இரண்டு ஸ்டாப்வாட்ச்களைக் கையில் கொடுத்தார். வலி லேசாக இளகுவதாகத் தோன்றினால் ஒன்றை நிறுத்த வேண்டும். 'அப்பாடா' என்று தோன்றினால் மற்றதை. உறைக்குள் என்ன மருந்து என்று அவருக்கும் தெரியாது. ஆனாலும் ஒவ்வொரு முறை அவர் எண் கேட்கும்போதும், பாவம், ஒன்று குறைத்துச் சொல்லலாமே என்று வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

முதல் கடிகாரத்தை இருபத்தேழாவது நிமிடத்தில் நிறுத்தினேன். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை: பழைய சோதனைகளில் வெற்று மாத்திரை விழுங்கியவர்களிலேயே ஏறக்குறைய ஏழில் ஒருவருக்கு வலி பாதியாவது விட்டிருக்கிறது. வழக்கமான வலி மாத்திரையான ஐபுப்ரோஃபென் 400 மி.கி. என்றால் பாதிப் பேருக்குச் சற்று மேல். இரண்டாவது கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்தது. இரண்டு மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு மாற்று மருந்து கேட்டேன். கேட்ட நேரத்தைக் குறித்துக்கொண்டு, முகம் சுளிக்காமல் கொடுத்தார்கள்.

இரவு ராகிக் கூழை ஆறவைத்து, கரண்டியோடு கொண்டுவந்து வைத்தாள் அம்மா.

"இப்போது பத்துக்கு எவ்வளவு?"