ஆப்கான் அலுவலர்களுக்குச் சம்பளப் பட்டியல் போடக் கற்றுக்கொடுத்த அனுபவம்

கருவூலத் துறையில் ஓய்வு பெற்ற பிறகு, ஆப்கானிஸ்தான் அரசு அலுவலர்களுக்கான ஐடெக் பயிற்சியில் கணக்குப் பாடம் எடுக்கக் கூப்பிட்டார்கள். ஐடெக் 1964இல் தொடங்கிய திட்டம். வெளிநாட்டு அலுவலர்களும் படை அதிகாரிகளும் இந்திய அரசின் செலவில் இங்கே வந்து படித்துவிட்டுப் போவார்கள். 2011 அக்டோபரில் இரு நாடுகளும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் ஆப்கான் படைகளுக்குப் பயிற்சி தருவதும் இருந்தது. ராணுவத்துக்காரர்கள் டேராடூனுக்கும் பரங்கிமலைக்கும் போனார்கள். என் வகுப்புக்கு வந்தவர்கள் மாகாண அலுவலகங்களில் கணக்கு பார்ப்பவர்கள். சிலர் போலீஸ் சம்பளப் பிரிவு.

தயாராக இருந்த பாடத்திட்டத்தில் நம்மூர் நிதி விதிகள்தான் நிறைய இருந்தன. அவர்களுக்கு அது எதற்கு? நீங்கள் நிஜமாக நிரப்பும் படிவத்தை வரைந்து காட்டுங்கள் என்று கேட்டேன். அன்றிலிருந்துதான் வகுப்பு நடந்தது. அவர்கள் பேசும் தாரி மொழியில் மொழிபெயர்க்க புனேயில் படித்த ஆப்கான் இளைஞர் ஒருவர் இருந்தார். ஒரு மணி நேரப் பாடத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள் என்று இப்படிப் பாடம் எடுக்கப் போகும் எவரிடமும் சொல்வேன்.

முதலில் தேதி. அவர்கள் அப்போது எழுதியது சூரிய ஹிஜ்ரி ஆண்டு. மார்ச் 21 வாக்கில், நவ்ரூஸ் என்ற புத்தாண்டு நாளில் பிறக்கும். நிதியாண்டோ, 2012இலிருந்து அன்றைய அரசு இருந்தவரை டிசம்பர் 21 வாக்கில் தொடங்கியது. வெளிநாட்டு நிதி வரும்போது ஆங்கிலத் தேதியும் வேண்டியிருந்தது. ஒருவர் வேலையில் சேர்ந்த நாளை மூன்று கணக்கிலும் சரியாக எழுதினால்தான் நிலுவைத் தொகை சரியாக வரும்.

அடுத்தது பெயர். பலருக்கு ஒரே ஒரு பெயர்தான். ஒரு சோதனைச் சாவடியில் ஒரே பெயரில் நான்கு பேர் இருப்பார்கள். அப்பா பெயர், தாத்தா பெயர், மாவட்டம் எல்லாம் சேர்த்தால்தான் ஆள் யார் என்று தெரியும். இந்த இடத்தில் நாங்கள் மெதுவாகத்தான் போனோம், ஏனென்றால் திருட்டு நடப்பதே இங்கேதான். போரில் செத்தவர், ஓடிப்போனவர், பிறக்கவே இல்லாதவர் பெயரில் எல்லாம் சம்பளம் எடுத்தார்கள். வங்கி இல்லாத இடங்களில் பணம் பையில் போகும். கமாண்டர் தன் பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுப்பார். கான்ஸ்டபிள்கள் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, கைநாட்டு வைப்பார்கள். 2009இல் வர்தக் மாகாணத்தில் சோதனை முயற்சியாகச் சில போலீஸ்காரர்களுக்குக் கைபேசி வழியாகச் சம்பளம் போட்டபோது, அரசாங்கம் சம்பளத்தை உயர்த்திவிட்டது என்றே அவர்கள் நினைத்தார்களாம். முழுச் சம்பளத்தை அன்றுதான் முதல்முறையாகக் கண்ணால் பார்த்தார்கள்.

துப்பாக்கிப் பயிற்சி எவ்வளவு கொடுத்தாலும், சம்பளம் வராத போலீஸ்காரர் சாவடியில் நிற்க மாட்டார். ஆகவே பட்டியலைச் சுத்தமாக வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பின் முதல் வேலை என்று அழுத்திச் சொன்னேன். அவர்களும் ஆர்வமாகப் பிடித்துக்கொண்டார்கள். ஒவ்வொரு வரிக்கும் ஓர் ஆள், ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு சாட்சி என்று இரவில் விடுதியில் உட்கார்ந்து மாதிரிப் பதிவேடு போட்டார்கள். அவ்வளவு கவனமான மாணவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

2021 ஆகஸ்ட் 15 அன்று காபூல் விழுந்தது. இங்கே பயிற்சியில் இருந்து, திரும்பிப் போக நாடில்லாமல் நின்ற ராணுவ மாணவர்கள் சுமார் 80 பேருக்கு ஐடெக் வழியாகவே மறு ஆண்டு ஆங்கிலப் படிப்பு ஏற்பாடு செய்தார்கள். அது நல்ல காரியம். என் மாணவர்களோ ஏற்கெனவே ஊரில் இருந்தவர்கள். அவர்களில் ஒருவர் அனுப்பிய செய்தியில் தன்னைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. பட்டியலைப் பற்றித்தான் கேட்டிருந்தார்.

போலி ஆட்களைக் களைய அமெரிக்கர்கள் 2016இல் ராணுவத்துக்கும் போலீசுக்கும் சேர்த்து ஒரு கணினிப் பதிவு முறை கொண்டுவந்தார்கள். சுமார் ஐந்து லட்சம் பேரின் விவரம் அதில் ஏறியது: கைரேகை, முகம், தகப்பன், தாத்தா, கூடவே வேலையில் சேர்ந்தவருக்கு ஜாமீன் நின்ற இரண்டு ஊர்ப் பெரியவர்களின் பெயர். தாலிபான் உள்ளே வந்தபோது, யாரைத் தேடுவது, எந்த ஊரில் தேடுவது என்பதெல்லாம் எழுதி வைத்த தரவு அவர்கள் கைக்குப் போய்விட்டது என்ற அச்சம் எங்கும் இருந்தது. ஜாமீன் போட்ட பெரியவர் ஒருவரை எங்கே ஒளித்து வைப்பது என்பதுதான் மாணவரின் கேள்வி. அந்தப் பெரியவர் அரசாங்கச் சம்பளம் ஒரு காசு வாங்கியவர் இல்லை.

திருட்டைத் தடுக்க அந்தப் பதிவேடு தேவைப்பட்டது என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. ஆனால் போரில் இருந்து எழும் நாட்டுக்கு இதைக் கற்றுக்கொடுப்பவர்கள், அரசு கவிழும் நாளையும் பாடத்தில் சேர்த்தே ஆக வேண்டும். இப்போது கணக்குப் பயிற்சிக்குக் கூப்பிட்டால் முதல் நாளே நான் வைக்கும் பாடம் இதுதான். சம்பளம் கொடுக்க எந்த விவரம் போதும், எது வேண்டவே வேண்டாம்? ஜாமீன்தாரர் பெயரைச் சம்பளப் பதிவேட்டில் இருந்து பிரித்துத் தனியாக எங்கே வைப்பது? அலுவலகத்தைக் காலி செய்ய ஒரு மணி நேரமே இருந்தால் எதை முதலில் அழிப்பது, அந்த உத்தரவை யார் கொடுப்பது? மூன்றாவது கேள்விக்குப் பெயர் சொல்லி ஒரு பொறுப்பாளரை எழுதித் தரும்வரை நான் அடுத்த பாடத்துக்குப் போவதில்லை.